டிஷ் குழாயில் மூன்று கோடுகள்

என் மொட்டை மாடியில் டிஷ் நிற்கும் இரும்புக் குழாயில் மூன்று பெயிண்ட் கோடுகள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டுப் போனதும் நானே போட்ட அடையாளம். சிவப்பு போட்டபோது, என் டிவிக்குச் சேனல் அனுப்பும் செயற்கைக்கோள் கம்பெனிக்குச் சொந்தமாக வானத்தில் எதுவும் இல்லை. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றில் இடம் வாடகைக்கு எடுத்திருந்தது. பிறகு சொந்தமாக ஒன்றை ஏவி, சேனல்களை எல்லாம் அதற்கு மாற்றியது. அது பச்சை. அதில் எரிபொருள் தீரப்போகிற நேரத்தில் இன்னும் உயரத்துக்குத் தள்ளி அங்கேயே விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் புதிதாக ஒன்றை நிறுத்தினார்கள். அது நீலம். இதையெல்லாம் நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று முறையும் எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னவர்கள் இல்லை. திரை கறுத்த பிறகுதான் காரணம் வரும். ஆகவே அந்தக் கம்பெனி சொல்லும் எதையும் நான் உடனே நம்புவதில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் கண் ஆபரேஷன் செய்துகொண்டேன். வெயிலில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் பகலெல்லாம் வீட்டில் இருந்தேன். அந்த நேரத்தில் டிவி பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் பதினொன்றே முக்காலுக்குப் பாட்டு பாதியில் நின்றது. மூன்று நிமிடம். மறுநாள் அதே நேரம், ஆறு நிமிடம். மொரப்பூர் ஸ்டேஷனில் சரக்கு வண்டிப் பெட்டிகளை முப்பது வருஷம் எண்ணியவன் நான்; நிமிடக் கணக்கு தப்பாது. கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"சூரியனால வர்ற தடைங்க சார். ஒரு வாரத்துல தானா சரியாயிடும்" என்றாள் ஒரு பெண்.

மழை, இடி என்றால்கூட நம்பலாம். வருஷம் முழுக்க இருக்கிற சூரியனுக்கு நேற்றுதான் என் டிஷ் கண்ணில் பட்டதா?

மூன்றாம் நாள் எட்டு நிமிடம். அப்போது மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி. பக்கத்து ஓட்டு வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு மாடி இல்லாததால், கொட்டை எடுத்த புளியை என் மாடியில்தான் காயப்போடுவாள். பதினொன்றரைக்கு மேல் வந்து கிளறிவிட்டு, சாயந்திரம் மூட்டை கட்டி இறக்கிக்கொண்டு போவாள். போன வருஷம் டிஷ்ஷைக் காட்டி அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது: "இந்தக் குடை நடுவுல நிக்காட்டி இன்னொரு படுதா விரிக்கலாம்."

படியிறங்கி வந்தவளை நிறுத்தினேன்.

"ஏம்மா, டிஷ்ஷத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லீங்களா மாமா? புளியக் கிளறவே நேரம் பத்தல."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி குரல் கொடுத்தான். "அண்ணா, எங்க வூட்டு மிக்சியே இவ சொன்னாச் சுத்த மாட்டேங்குது. உங்க டிஷ்ஷு சுத்திருமா?"

அவன் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். டிஷ் நீலக் கோட்டில் இம்மி பிசகாமல் நின்றது. திருப்பிவிட்டு, கோட்டைப் பார்த்து மறுபடி சரியாக வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. மறுநாள் காலை மாடிப்படிக் கதவைப் பூட்டினேன்.

மூட்டையோடு வந்து நின்றாள். "புளி இன்னும் ஈரமாக் கெடக்குதுங்க மாமா. இப்படியே கட்டி வெச்சா பூசணம் புடிச்சிரும்."

"ஒரு வாரம் போகட்டும்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுப் பக்கம் போனாள்.

அன்றைக்கும் பாட்டு நின்றது. ஒன்பது நிமிடம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. தம்பி கீழே நின்று புளி உலுக்கும் கழியால் தட்டியிருப்பானோ என்று, அவன் இல்லாத நேரம் பார்த்துக் கழியை அளந்தேன். மாடிக்கு நாலடி குறைந்தது.

ஐந்தாம் நாள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே போய், படிக்கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு டிஷ் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிஷ்ஷுக்கு எதிரே ஒரு கம்பியின் நுனியில் மூக்கு மாதிரி ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நிழல் டிஷ்ஷின் ஓரத்திலிருந்து மெதுவாக நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நிழல் நடுவுக்கு வந்ததும் கீழே பாட்டு நின்றது. மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒன்பது நிமிடம் எண்ணினேன். நிழல் நடுவை விட்டு விலகியது. பாட்டு மறுபடி கேட்டது.

வருஷத்தில் இந்தச் சில நாள் மட்டும், இந்த நேரத்தில், டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது. அந்தக் கம்பெனி என்னிடம் சொன்ன உண்மை இது ஒன்றுதான். அதையும் நான் நம்பாத நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறது.

பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். தம்பி மனைவி படுதாவின் ஓரத்தில் குந்தியிருந்தாள். தீர்த்தமலைக்குப் போகும் வேன்கள் இரண்டு நாளாகக் கிளப்பிய மண்ணும் பொடிக்கல்லும் புளி முழுக்க ஒட்டியிருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூட்ட எடுத்துட்டேம்மா. எல்லாம் சூரியன் பண்ணின வேலை."

"அப்ப அதுக்குப் போடுங்க பூட்டு." தலையைத் தூக்கவில்லை.

நான் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு பிடி புளியை எடுத்து, ஒட்டியதைப் பிய்த்துப் பிய்த்து ஓரமாக வைத்தேன். முழுக்கச் சுத்தமாக்க முடியாது என்று எனக்கும் தெரிந்தது. என் உதடு அசைவதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"எத்தினி?"

"எண்பத்தி நாலு."

என் பக்கக் குவியலைக் கையால் கலைத்து, ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இது கல்லு இல்லீங்க மாமா, கொட்டை. இதையும் சேத்துட்டீங்களா?"

எண்பத்து மூன்று என்று திருத்திக்கொண்டேன்.