கேட்டதும் நின்றுபோன இயந்திரம்

பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பை யார் கூட்டி வைத்தது என்று கேட்கிறவள் நான். வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே போலீஸ். இந்தக் குணத்துக்கும் சம்பளம் தரும் தொழில் ஒன்று உண்டு, மென்பொருளில் பிழை தேடுவது. அதில்தான் இருக்கிறேன்.

கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்த காலம் அது. சென்னையை விட்டு வடக்கனந்தலுக்கு வந்துவிட்டேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்தது. எங்கள் சாதி ஆட்கள் நடத்திய போராட்டம்தான். பஸ் ஓடுமா என்று விசாரித்துவிட்டுத்தான் யாரும் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்புவார்கள். டீக்கடையில் புது முகம் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இயக்கும் போர்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது கைக்கு வருவதற்கு முன்பே அதன் மென்பொருளைச் சோதிக்க வேண்டும். அதற்காக, அந்தப் போர்டைப் போலவே கம்ப்யூட்டருக்குள் நடிக்கும் எமுலேட்டர் என்ற போலி இயந்திரம் ஒன்றை எழுதினோம். அதற்கு மானிட்டர் என்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று அதில் கட்டளை தட்டிக் கேட்கலாம். பதில் வெறும் எண்களாக வரும், படித்தால் தலை சுற்றும். 'டைமர் ஓடுகிறது', 'கொடி ஏறவில்லை' என்று மனிதர் படிக்கிற மாதிரி பதில் தரும் கட்டளைகளைச் சேர்ப்பது என் பொறுப்பு.

எமுலேட்டருக்குள் நேரத்தை எண்ணும் டைமர் பகுதியை எழுதியவள் என்னைவிட நான்கு வயது இளையவள். ஒருமுறை அலுவலகத்தில் நான் போனில் "வூட்டுக்கு வரேன்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க நம்ம ஊர்ப் பக்கமா?" என்று ஓடி வந்தாள். அவள் ஊரும் வடக்கனந்தல்தான், குடும்பம் குடியிருந்தது கள்ளக்குறிச்சியில். அன்றிலிருந்து இரண்டு வருடமாக நான் அவளுக்கு அக்கா. காலையில் வேலை ஆரம்பிக்கும்போதே போன் வரும். "அக்கா, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? சாப்ட்டீங்களா?" என்பாள். அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். இந்த எமுலேட்டர் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரமாகும்.

என் முதல் கட்டளையை எழுதி முடித்துத் தட்டிப் பார்த்த அன்றே எமுலேட்டர் நின்றுபோனது. டைமர் என்ன சொல்கிறது என்று மானிட்டரில் மறுபடி கேட்டேன். 'கொடி ஏறவில்லை' என்றது. அதாவது, நேரம் முடிந்தது என்று காட்ட டைமர் ஏற்ற வேண்டிய அடையாளக் கொடி ஏறவில்லை. போர்டின் மென்பொருள் அந்தக் கொடிக்காகவே காத்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே. கொடி ஏற்ற வேண்டியது அவள் எழுதிய டைமர்.

அவளைக் கேட்டால், "எங்கிட்ட காலைலேர்ந்து ஓடிக்கினுதான்கா இருக்குது" என்றாள். மானிட்டர் பக்கமே அவள் போவதில்லை. என்னிடம் நிற்பது அவளிடம் மட்டும் எப்படி ஓடும்? பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். மேலாளர் போனில் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள யார் தப்புன்னு எழுதி அனுப்புங்க. அவங்க தப்புன்னா வேற ஆள் பார்த்துக்கலாம்."

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். "யாரு வூட்டுப் பொண்ணு அது? எந்தத் தெருன்னு கேட்டியா?" என்றார். "இப்ப நேரம் செரியில்ல. வேணும்னே கெடுத்து வுட்டுக்கினு இருந்தா உனுக்கு இன்னா தெரியும்?"

அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் வேலைப் பேச்சுக்கு நடுவில், சாதாரணமாகக் கேட்பதுபோல, "ஆமா, நம்ம ஊர்ல உங்க வூடு எந்தத் தெரு?" என்றேன். எங்கள் ஊரில் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாக அர்த்தம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.



"எதுக்கு மேடம் கேக்கறீங்க?" என்றாள்.

மடியில் கனம் இல்லையென்றால் வழியில் பயம் எதற்கு என்றுதான் அப்போது நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதவே கூசுகிறது. அன்று மாலையே மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். டைமரில் பிழை இருக்கிறது, எழுதியவர் அதை மறைக்கிறார் என்று. அனுப்பு என்று தட்டியபோது இணையம் போய்விட்டது. எங்கோ சாலையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்ததாம். மரத்தை யார் வெட்டியது என்பதில் ஊரில் ஆளுக்கொரு சந்தேகம். கடிதம் அனுப்பப்படாமல் கம்ப்யூட்டரிலேயே காத்துக் கிடந்தது. இணையம் வந்தால் தானாகவே போய்விடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கீழே எல்லா வழியும் மறியலில் அடைபட்டிருக்க, மலைப்பாதை மட்டும் திறந்திருந்தது. சாமை வாங்க வெள்ளிமலைக்குக் கிளம்பிய அப்பாவோடு ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். எமுலேட்டரை ஓடவிட்டு அப்படியே விட்டுப் போனேன். போகும் வழியெல்லாம் அவளைப் பற்றித்தான் மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன், தீர்ப்பும் நானே.

சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆச்சரியத்தில் மானிட்டரைத் திறந்து, டைமர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். 'கொடி ஏறியிருக்கிறது' என்றது. சந்தேகப் பிராணியாயிற்றே, உடனே இன்னொரு முறை கேட்டேன். 'கொடி ஏறவில்லை' என்றது. என் கண்ணெதிரே இயந்திரம் நின்றது.

 போர்டின் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தக் கொடியைப் படித்தாலே அது இறங்கிவிடும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மென்பொருள் வந்து படிக்க வேண்டும், படித்ததும் கொடி இறங்கும், பிறகு மென்பொருள் டைமரை மறுபடி முடுக்கும். என் கட்டளையோ மென்பொருள் படிக்கும் அதே வழியில் போய், அதற்கு முன்பே படித்துவிடுகிறது. கொடியைக் காணாத மென்பொருள் காத்துக்கொண்டே நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டு வாசலில் வைத்த பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, பால்காரர் வரவில்லை என்று நானே புகார் எழுதியிருக்கிறேன். முதல் வேலையாக, காத்துக் கிடந்த கடிதத்தை அழித்தேன். 

கொடியைத் தொடாமல் எட்டிப் பார்க்க மட்டும் தனியாக ஒரு வழி எழுதினேன். நான்கே வரிகள். அதன் பிறகு எத்தனை முறை கேட்டாலும் இயந்திரம் நிற்கவில்லை. இணையம் வந்ததும், தப்பு என்னுடையது என்று மேலாளருக்கு எழுதினேன். அவளுக்கு அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது.

போன் செய்து அவளிடமும் சொன்னேன். தெருவைக் கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க, வுடுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"முன்ன மாதிரி அக்கான்னே கூப்புடும்மா" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றாள்.