மதினியின் வெள்ளித் தகடு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ராஜபாளையத்தில் குத்துவிளக்குகளுக்கு வெள்ளி முலாம் பூசும் பட்டறையில் மெருகேற்றும் வேலை. கேஸை மூடினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவள் டகேரியோடைப் எடுக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அது அந்தக் காலத்து போட்டோ. பிலிம் கிடையாது, காகிதம் கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடி மாதிரித் துலக்கி, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்தால் படம் அதன் மேலேயே விழும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கற்றேன். பாதரசம் வைத்துச் செய்வார்கள், எனக்குப் பயம். சிவப்புக் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்துப் படத்தை வரவழைப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் அண்ணன் மனைவிக்குக் கன்னத்திலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. எந்த ஸ்டுடியோவிலும் கம்ப்யூட்டரில் அதை மறைத்துத்தான் படம் கொடுப்பார்கள்.

"அதுல இருக்கது யாருன்னே எனக்குத் தெரியல. நீ எடு, ஏட்டி" என்றாள் மதினி.

மொட்டை மாடியில், நல்ல வெயிலில், தலையைச் சுவரில் சாய்த்து மூன்று நிமிடம் அசையாமல் உட்காரச் சொன்னேன்.

"மூணு நிமிசம் நான் பேசாம இருந்தா ஒங்கண்ணன் டாக்டரக் கூட்டியாந்துருவாரு."

சிரித்தேன். ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இந்தத் தகடு நீல வெளிச்சத்தைத்தான் உணரும். மாநிறம் கறுத்துவிடும், வெள்ளை பளீரென்று விழும். என் மூக்கோரத்து மங்கு அதில் கரி அப்பியதுபோல விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியேதான் ஆனது. தகட்டைக் கழுவி எடுத்தபோது மதினியின் புள்ளிகள் தீயாய் எரிந்தன. அண்ணன் முதலில் எட்டிப் பார்த்தான்.

"என்னட்டி, என் மூஞ்சிதான் தெரியுது?"

சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும்; சாய்த்துக் காட்டினேன். அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"அழிச்சிரு. ஞாயித்துக்கெழம நம்ம பயலப் பாக்க வத்திராயிருப்புலருந்து பொண்ணு வீட்டுக்காரவிய வாராவ. இருக்கதவிட அதிகமால்லா காட்டுது!"

அது உண்மைதான். மறுக்க முடியாது. ஆனால் அவன் கட்டைவிரலை நீட்டிவிட்டான். லேசாகத் தேய்த்தாலே படம் போய்விடும் என்று அவனிடம் சொன்னதே நான்தான். தகட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"மதினி சொன்னா அழிக்கேன். நீ சொல்லாத."

அண்ணனை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் முறை. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

மதினி தகட்டை ஓரத்தில் பிடித்து வாங்கினாள். இதில் படம் இடம் வலம் மாறித்தான் விழும். அவள் அதையே நெடுநேரம் பார்த்தாள்.

"தெனமும் கண்ணாடியில பாக்குற மூஞ்சி இதுதான். புள்ளி இந்தப் பக்கந்தான் எனக்குத் தெரியும்." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "கூடத் தெரிஞ்சா என்ன? இம்புட்டு நாளும் கொறச்சுத்தான காட்டுனிய?"

மேலே கண்ணாடி வைத்து ஓரத்தை டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன். ஹாலில் இருந்த ஸ்டுடியோ படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் அவளே மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெண்ணின் தாயார் காப்பித் தம்ளரோடு அந்தப் படத்தின் முன் போய் நின்றார். மதினியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இத யாரு எடுத்தது?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"நாந்தான்" என்றேன்.