கவுண்டருக்குள் ஒரு கிரிவலம்

லாட்ஜ் ரிசப்ஷன் வேலைங்கிறது "ரூம் இல்லீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றதுதான். திருவண்ணாமலையில பௌர்ணமி அன்னிக்கு அந்தச் சிரிப்பு காலையில பத்து மணிக்கே தீர்ந்துடும். கவுண்டர்ல உக்காந்து பொழைக்கிற என் இன மக்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஒரு பௌர்ணமிக்கு எனக்கும் தீர்ந்துடுச்சு. அஞ்சாவது தடவையா வெந்நீர் கேட்ட ஒருத்தர்கிட்ட, "இது என்ன உங்க மாமியார் வீடா?"ன்னு கத்திட்டேன். மனுஷன் நேரா முதலாளிகிட்ட போயிட்டார். என் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. இந்த வேலை போச்சுன்னா அவ படிப்பும் அவ்வளவுதான். முதலாளி குரலைக்கூட உசத்தல. "அடுத்த பௌர்ணமிக்கு ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும், அப்புறம் நீ வீட்லயே இருந்துக்கம்மா."

ஏழு

"கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணும்மா"ன்னு பொண்ணு சொல்லி அனுப்பினா. அந்தப் பௌர்ணமியும் வந்துச்சு. எட்டு மணிக்கே வேலூர்க்காரர் ஒருத்தர். இல்லீங்கன்னு நாலு தடவை சொல்லியாச்சு, முழங்கையை கவுண்டர்ல வச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்கிறார். எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. சாவி மாட்டற பலகையைப் பாத்துக்கிட்டே முணுமுணுன்னு எண்ண ஆரம்பிச்சேன். ஏழு வந்துட்டேன், கோபம் இறங்குது, அட, வேலை செய்யுதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்! நிமிர்ந்து பாத்தா அவர் முகத்துலயும் சந்தோஷம்! "ஏழு ரூம் இருக்கா? எங்களுக்கு ரெண்டு போதும்மா!"

தண்ணி வைத்தியம்

ரூம் சுத்தம் பண்ற செல்வி வேற வழி சொன்னா. மூஞ்சில சில்லுனு தண்ணி அடிச்சா கோபம் பறந்துடுமாம். பின்னாடி போய் நல்லா சோப்பு போட்டேன். பைப்பைத் திறந்தா காத்துதான் வருது! மலை சுத்திட்டு வந்தவங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல குளிச்சு டேங்க்கைக் காலி பண்ணியிருக்காங்க. கண்ணெரிச்சலோட சுவத்தைத் தடவித் தடவி மோட்டார் போட ஓடறேன், எதிர்ல துண்டோட ஒருத்தர், தலையெல்லாம் நுரை. "இதெல்லாம் ஒரு லாட்ஜா? கூப்பிடு உங்க முதலாளியை!"ன்னு கத்திக்கிட்டே படி இறங்கறார். போச்சுடா, வேலை போச்சுன்னு நின்னுட்டேன். அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தார். குரல் அப்படியே இறங்கிடுச்சு. "உங்களுக்கும் இதே கதிதானா? சரி சரி, மெதுவாவே போடுங்கம்மா."

எட்டு லிங்கம்

எண்ணினாத்தானே ரூம்னு நினைக்கிறாங்க? எண்ணாம சுத்துவோம்னு முடிவு பண்ணேன். கிரிவலப் பாதையில இருக்கிற எட்டு லிங்கத்தையும் வரிசையா மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டே போறது. இந்திர லிங்கத்துல கிளம்பினா, எம லிங்கத்துல கோபம் உச்சிக்குப் போகும், வருண லிங்கத்துல குளிர ஆரம்பிக்கும், ஈசான்ய லிங்கம் வந்தா நான் தங்கம்! பதினோரு மணிக்குள்ள இருபது சுத்து சுத்திட்டேன். கால் வலிக்காம இத்தனை புண்ணியம் யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்க!

அப்பத்தான் ராணிப்பேட்டையிலேர்ந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. "இங்க இல்லைன்னா வேற எங்கம்மா ரூம் கிடைக்கும்?"னு அவர் விடாம கேக்கறார். நான் உள்ளுக்குள்ள ஆறாவது லிங்கத்துல நிக்கறேன். வாய் தானா திறந்துக்கிச்சு: "வாயு லிங்கம்!" அப்பாடான்னு பெரிய பையை என் பக்கத்துல இறக்கி வச்சுட்டு, ரூம் பாத்துட்டு வந்து எடுத்துக்கறோம்னு ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. போன் வேற அலறுது. அதைப் பேசிட்டு வாசலுக்கு ஓடினா, கூட்டத்துல ஆளையே காணோம். பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது. செல்வி தலையில கை வச்சுக்கிட்டா. "ஐயோ அக்கா, அது மலையைப் பாதிக்கு மேல சுத்தினாத்தானே வரும்!"

அந்தப் பை

மத்தியானம் முழுக்க அந்தப் பை என் பக்கத்துலயே. நாலு மணிக்கு முதலாளி வந்து சேரைப் போட்டு உக்காந்தார். "கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லையே?"ன்னார். "இதுவரைக்கும் இல்லீங்க"ன்னு சொல்லி வாயை மூடல, வாசல்ல அவங்க! காலெல்லாம் புழுதி, நெத்தி நிறைய விபூதி, அவர் நொண்டிக்கிட்டே வர்றார். "யாரும்மா அது, வாயு லிங்கத்துல ரூம் இருக்குன்னது?" முதலாளி எழுந்துட்டார். ஒரு லிங்கம்கூட ஞாபகத்துக்கு வரல. "நான்தாங்க. கோபம் வராம இருக்க லிங்கத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன், வாய் தவறிடுச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னு அழாத குறையா சொன்னேன்.

அந்தம்மா கலகலன்னு சிரிச்சுட்டாங்க. இருபது வருஷமா வர்றாங்களாம். ரூம் கிடைச்ச உடனே இவர் கட்டில்ல சாஞ்சுடுவாராம், கிரிவலம் எப்பவும் அடுத்த தடவைதானாம். இன்னிக்கு வாயு லிங்கம் போய்ச் சேர்ந்தா, அங்க ரூமும் இல்ல, வந்த வழியே திரும்பறது ஜாஸ்தி, முன்னால நடக்கறது கம்மி. வேற வழியில்லாம முழு மலையும் சுத்தியாச்சு! அந்தம்மா முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. முதலாளியைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "அடுத்த பௌர்ணமிக்கும் இந்தம்மாவே இங்க இருக்கணுங்க, இவருக்கு மட்டும் ரூம் கொடுத்துடாதீங்க!"

ஆக மக்களே, கோபத்தை அடக்க எட்டு லிங்கம் போதும். வாயை அடக்கத்தான் எனக்கு இன்னும் வழி தெரியல.