அத்தைக்கு நான் வைத்த கொள்ளி

என் அத்தைக்கு அவள் பெற்ற மகன் கொள்ளி வைக்க முடியாமல் போனது என்னால். பொறாமையில் நான் சொன்ன ஒரு பேச்சு அதற்குப் போதுமாக இருந்தது.

அவள் மகன், என் அத்தான், என்னைவிடச் சில மாதங்களே பெரியவன். மாமா பிள்ளையான என்னை ‘அம்மாஞ்சி’ என்பான். ஐரோப்பிய யுத்தத்துக்கு முன் இருவரும் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அந்தப் படிப்புக்குப் பரீட்சை மட்டும் போதாது. பருவத்துக்கு இத்தனை ராத்திரி என்று சட்டக் கழகத்தின் கூடத்தில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும்; தவறினால் அந்தப் பருவம் கணக்கில் சேராது. நான் அந்தச் சாப்பாடுகளைப் பருவம் முழுக்க இழுத்து, ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று, மற்ற நேரம் அறையில் புத்தகத்தோடு கிடந்தேன். அவன் எல்லாவற்றையும் அடுத்தடுத்துத் தின்று தீர்த்துவிட்டு, பையில் ஒரு சட்டப் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவான். பாரிஸ், வெனிஸ், ரோம்.

“ரோமன் சட்டத்தை ரோமாபுரியிலேயே படிச்சாச்சு, அம்மாஞ்சி. நீயும் வாயேண்டா. ரயில்ல படிச்சாத்தான் மண்டையில ஏறறது.”

வெயிலில் கறுத்துத் திரும்புவான். புத்தகத்தின் நடுவே ரொட்டித் துணுக்குகள் இருக்கும். பரீட்சையில் அவன் தேறினான். நான் ரோமன் சட்டத்தில் தோற்றேன். அந்தத் துணுக்குகளை ஜன்னல் வழியே உதறினேன்.

அதைவிட மோசம், அடுத்த விடுமுறையில் அவன் ஸ்விட்சர்லாந்துப் பயணத்தை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து பாடம் சொன்னது. நான் தேறினேன். அவனால் தேறினேன் என்பதற்காக அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் முதலில் ஊர் திரும்பினேன். அவன் இத்தாலி வழியாக நிதானமாக வந்துகொண்டிருந்தான். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அக்ரகாரம். கடல் தாண்டியவன் தாமிரவருணியில் முங்கி, பஞ்சகவ்யம் சாப்பிட்டு, பிராயச்சித்தம் செய்துகொண்டால்தான் பந்தியில் இடம். அதுவும் படிப்புக்காகப் போனவனுக்கு மட்டும் பெரியவர்கள் கொடுத்த சலுகை. நான் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு நின்றபோது சாஸ்திரிகள் கேட்டார்: “உங்க அத்தானும் படிக்கத்தானேடா போனான்?”

ஆமாம் என்றால் போதும்.

“படிப்பு கொஞ்சந்தான், மாமா. ஊர் சுத்தினதுதான் ஜாஸ்தி” என்றேன்.

பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “பரீட்சைக்குப் போனா, விதியேன்னு போனதா வச்சுக்கலாம். வேடிக்கை பாக்கப் போனவனுக்கு என்ன ஓய் பிராயச்சித்தம்?”

அத்தான் வந்தபோது அவனுக்குச் சடங்கு செய்துவைக்க ஒருவரும் முன்வரவில்லை. பாளையங்கோட்டையில் வீடு பிடித்துத் தொழில் நடத்தினான். விதவையான அத்தை யாருக்கும் தெரியாமல் வண்டியில் போய்ப் பார்த்து வருவாள். முறுக்கு கொடுப்பாள், அவன் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டாள். இரண்டு வருஷத்தில் அவளும் போனாள். பிள்ளை தொட்டால் சவத்தைத் தூக்கமாட்டோம் என்றார்கள். பங்காளிகள் இல்லாத குடும்பம். மருமான் என்று என்னை நிறுத்தினார்கள். நான் கொள்ளி வைத்தேன். அவன் அக்கரை மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வருஷச் சிராத்தம் நெருங்கியபோது அதையும் நானே செய்ய வேண்டும் என்றார்கள். படித்துறையில் எல்லோரும் இருக்கும் வேளை பார்த்துச் சொன்னேன். அவன் சுற்றினான், ஆனால் படித்தான். எனக்கும் சேர்த்துப் படித்தான். நான் அன்று சொன்னது பொறாமையில்.

சாஸ்திரிகள் பூணூலைப் பிழிந்து விட்டுக்கொண்டார். “இதை எரிக்கறதுக்கு முன்னாடி சொல்லப்படாதோ?” என்றார். பிறகு, பிராயச்சித்தத்தைத் தானே பண்ணிவைப்பதாகவும், சிராத்தத்தை அவனே செய்யட்டும் என்றும் சொன்னார்.

பாளையங்கோட்டைக்குப் போய் அவனிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டான்.

“சொன்னது நீதான்னு அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“நல்லது.”

சிராத்தத்துக்கு வந்தான். முங்கினான், பிண்டம் வைத்தான். கிளம்பும்போது வண்டிவரை போய், “அத்தான், இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்” என்றேன்.

“இல்லை, சார். நாளைக்குக் கோர்ட் இருக்கு.”

அதன்பின் பல வழக்குகளில் எதிரெதிரே நின்றோம். அம்மாஞ்சி என்று அவன் என்னை அழைக்கவில்லை. கோர்ட் விடுமுறைகளில் காசி, காஷ்மீர் என்று போய்வந்தான்; பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கேட்கும்போதெல்லாம் எனக்குள் முதலில் எழுந்தது பொறாமைதான். வெட்கம் அதற்குப் பின்தான் வந்தது.