சிரிக்காத முகத்துக்கு இரண்டு விளக்குகள்

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு அந்தப் போன் வந்தது. ராட்டர்டாமில் அந்நேரம் எங்கள் தெரு எழுந்திருக்காது. திரை போடாத எதிர்வீட்டு ஜன்னல்களில் பூனைகள் மட்டும் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். பேசியவர் மங்கலம்பேட்டை பஷீர் பாய், என் கணவரின் பழைய சிநேகிதர். "மனசத் தளரவுடாத தங்கச்சி. எப்பக் கொண்டாராங்க?" என்றார். யாரை என்று கேட்காமலே போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் சற்றுமுன்தான் மீன் வாங்கச் சைக்கிளில் சந்தைக்குக் கிளம்பியிருந்தார். போன மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர். வழியில் ஏதோ ஆகி, எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். இவருடைய எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

அடுத்து மகள் அபிராமிக்கு அடித்தேன். அவள் விருத்தாசலத்தில்தான் இருந்தாள். அவளுடைய ஓவியங்கள் முதன்முறையாகச் சொந்த ஊரில், ஒரு கல்யாண மண்டபத்தில், மறுநாள் வைக்கப்பட இருந்தன. விளம்பரத்துக்கு அவள் வரைந்த அப்பாவின் படத்தை ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்திருக்கிறாள்.

அவள் வரையும் விதத்தைச் சொன்னால்தான் நடந்தது புரியும். பள்ளி விடுமுறைகளில் அவள் எங்கள் ஊர்ப் பீங்கான் பொம்மைகளுக்குப் புருவமும் உதடும் எழுதப் போவாள். அச்சில் வந்த அத்தனை பொம்மைக்கும் ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து, வாய் வலிக்கிறது என்பாள், தானே சிரித்துக்கொண்டிருந்ததைப் போல. சென்னையில் ஓவியம் படித்து, உதவித்தொகையில் இங்கே வந்து, பெயர் எடுத்து, எங்களையும் அழைத்துக்கொண்ட பிறகும் அவள் ஒரு சிரிப்பைக்கூட வரையவில்லை. அலுவலகங்களைப் பெருக்குகிறவர்கள், டிராம் ஓட்டுகிறவர்கள், நாங்கள் இருவர் என்று எல்லோரும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். முகமும் உடையும் சாம்பல் நிறம். கைகளுக்கு மட்டும் வண்ணம் உண்டு. அந்தக் கைகளைப் பார்க்கத்தான் இங்கே ஜனங்கள் நிற்கிறார்கள்.

ஃபிளெக்ஸ் கடையில் இடம் போதாமல் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாம்பல் நிறத்தில் சிரிக்காத முகத்தைப் பார்த்த கடைக்காரர், இது கண்ணீர் அஞ்சலிப் படம், விளக்கு கேட்க மறந்துவிட்டார்கள் என்று எண்ணி, தானாகவே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்துக் கொடுத்துவிட்டார். கண்காட்சி என்ற எழுத்து அடியில் சிறியதாக இருந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு விளக்குகள்தான் தெரிந்தன.

"கட்டுனப்புறந்தாம்மா பாத்தேன். அந்தப் படமே அப்பாவோட கைதாம்மா. அதப் போயி வெட்டிட்டாங்க" என்று அழுதாள். ஊர் வீட்டுக்கு ஆட்கள் மாலையோடு வருகிறார்கள், திட்டக்குடியிலிருந்துகூட வந்துவிட்டார்கள் என்றாள். பேனரின் போட்டோவையும் அனுப்பினாள்.

தவறு விளங்கிவிட்டது. ஆனால் இவர் இன்னும் போனை எடுக்கவில்லை. விளக்கு ஏற்றியாயிற்று, ஆள் மட்டும்தான் பாக்கி என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. செருப்புகூடப் போடாமல் படியிறங்கினேன். கீழ்வீட்டு மரைக்கே எதிரே வந்தாள். போனை நீட்டினேன். எங்கள் ஊர் நடுத்தெருவில், ஆள் உயரத்துக்கு இவர் முகம். அவள் கண் மலர்ந்து, "கெஃபெலிசிடேர்ட்" என்று வாழ்த்தி, கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். மகள் பெரிய ஆளாகிவிட்டாள், அப்பாவுக்கு எவ்வளவு பெருமை என்றாள். நான் தலையாட்டினேன். விளக்குக்கு டச்சு மொழியில் சொல் தெரியும். அந்த விளக்கு எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. வாசலில், முத்தம் வாங்கிய கன்னங்களோடு, இரண்டு ஊர்களுக்கு நடுவில் நின்றேன்.

ஒன்பது மணி வாக்கில் இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காற்று இறங்கிவிட்டதாம். போன் மீன் பைக்கு அடியில் கிடந்திருக்கிறது. நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து முதலில் பயந்தார். பிறகு விஷயத்தைக் கேட்டு, போட்டோவை வாங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், இல்லை சிரிப்பார் என்று காத்திருந்தேன். தன் முகத்தையும் இரண்டு விளக்குகளையும் விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

பிறகு, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்:

"யார் யாரு வந்தாங்களாம்?"