முப்பது நீலத் திரைகள்

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் லேப் அக்கா இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். மேசை துடைக்க வந்தவர், பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். கல்லூரி முப்பது புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியது. பாடத்திட்டம் கேட்டதோ முப்பது வருடம் பழைய, நீலத் திரையில் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர். புதுசில் பழசு ஓடாது. பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும் இன்னொரு சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் நீலத் திரையைத் திறந்து காட்டியவர் அக்கா.

அந்தப் பழைய சாஃப்ட்வேர் கோப்புக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் ஏற்காது. எங்கள் பதிவு எண்ணில் முதல் எட்டு இலக்கம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், ஒருத்தி சேமித்தால் இன்னொருத்தியின் வேலை அழிந்துபோகும். அக்காதான் ஆளுக்கொரு சின்னப் பெயர் வைத்தார். நான் குருவி. இப்போது அங்கே படிக்கும் என் தங்கை எலி.

போன வாரம் வேலைத் தேர்வுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பஸ் ஸ்டாப் வரை வந்தார். மூன்று வருடப் பழக்கத்தில், திரையைத் துடைக்கும் கட்டளையோடு ஆரம்பித்தேன். அங்கிருந்த புது சாஃப்ட்வேர் பிழை என்றது. எதைத் தொட்டாலும் அடுத்த பிழை. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தக் காலத்துலம்மா படிச்ச? எங்கப்பா இப்படித்தான் எழுதுவாரு."

மறுநாள் காலை நேராக ஆய்வகத்துக்குப் போனேன். அக்காவைக் கிழித்துத் தொங்கவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"வா குருவி, நல்ல நேரத்துல வந்த! அப்டேட் ஆயி முப்பதும் படுத்துடுச்சு. நாளைக்கு எலி செட்டுக்கு பிராக்டிகல்."

"படுக்கட்டும். எழுப்பாதீங்க."

"என்னடி பேசற?"

"இதாலதான் என் வேலை போச்சு. ஓடாதுன்னு அன்னைக்கே நீங்க கைவிரிச்சிருந்தா, புதுசுக்கு மாறியிருப்பாங்கல்ல?"

அக்கா இழுப்பறையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துப் போட்டார். மாற்றச் சொல்லித் துறைத்தலைவருக்கு எழுதியவை. மூன்றிலும் சிவப்பு மையில் ஒரே வரி: 'பாடத்திட்டப்படி செய்யவும்.'

"எழுதி எழுதி என் கையெழுத்துதான் அழகாச்சு. ஆனா சும்மா இருக்கல. எல்லா மிஷின்லயும் புதுசும் போட்டேன், பச்சை ஐகான். உங்க கிளாஸுக்கு முதல் நாளே காட்டினேன். 'இதுக்கு மார்க் உண்டாக்கா?'ன்னு கேட்டது யாரு?"

நான்தான். மூன்று வருடம் அந்த ஐகான் என் கண் முன்னால் இருந்தது. ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அப்படியானால் நான் யார்மேல் கத்திக்கொண்டிருந்தேன்?

கோபம் மட்டும் குறையவில்லை.

"சரி, நாளைக்கு ஓடலன்னு சொல்லுங்க. துறைத்தலைவர் முழிக்கட்டும்."

"அவர் ஏன் முழிக்கறாரு? வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் நீலத் திரை இல்லன்னா சைபர் போடுவாரு. சைபர் எலிக்கு. வீட்டுக்குப் போறது நான். அவர் ரூம்ல ஏசி ஓடிட்டேதான் இருக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பதினைந்து அக்காவுக்கு, பதினைந்து எனக்கு. பழைய சாஃப்ட்வேர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் வரிகளை என் விரல்கள் பார்க்காமலே அடித்தன. சந்தேகமில்லாமல் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் என்பது எரிச்சலைக் கூட்டியது. மத்தியானத்துக்குள் முப்பதும் நீலமாயின.

"சபாஷ்டி குருவி!" என்றார் அக்கா. அந்த வார்த்தையை அவர்மேலேயே திருப்பி எறியலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் அந்தப் பச்சை ஐகானைத் திற. தினமும் திற."

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அதுக்கு மார்க் உண்டாக்கா?"

நான் போட்ட சத்தத்தில் அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.