சந்தனப் பொட்டு வைத்த ரிவால்வர்

என்னிடம் ஐந்து வருடம் ஒரு ரிவால்வர் இருந்தது. இதைச் சொன்னால் ஆக்லாந்தில் இருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேர் ஓர் அடி தள்ளி உட்காருவார்கள். மீதிப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வருவார்கள். பொருளைப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் ஏமாற்றம்தான். கறுப்புப் பூச்சு பாதி போய்விட்டது. கைப்பிடி, தந்தமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த பிளாஸ்டிக். அதிலும் ஒரு விரிசல். அறுபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஹார்ட்வேர் கடையில் சுத்தியலுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் வைத்து விற்ற சரக்கு அது.

அதற்குப் போடும் தோட்டா பாயிண்ட் டூ டூ, இருப்பதிலேயே சின்னது. பெரிய தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து நடுவில் தனியாக ஒரு சிமிழில் இருக்கும். இதில் அடிப்பாகத்து விளிம்புக்குள்ளேயே பூசியிருப்பார்கள். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் பின்னாலிருந்து விழும் சுத்தி, அந்த விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் வெடித்துவிடும். செய்வது சுலபம் என்பதால் தோட்டாவும் மலிவு, அதைச் சுடும் துப்பாக்கியும் மலிவு. ஒன்பது தோட்டாவை ஒவ்வொன்றாக நிரப்பி, சுட்டுவிட்டு, ஒன்பது வெற்றுக் கூட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத பொருள்.

இதில் என்னய்யா இருக்கிறது என்று கேட்டால், நான் பார்க்கும் வேலையிலிருந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புகளைப் பழுது பார்ப்பவன் நான். பழுது பார்ப்பவன் என்பது பெயருக்குத்தான். ஒரு சர்க்யூட் பலகையைக் கழற்றி இன்னொரு பலகையை மாட்டுகிறேன். உள்ளே என்ன கெட்டது என்பது எனக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. இந்த ரிவால்வரில் சுத்தியைப் பின்னால் இழுத்தால் ஒரு சின்ன இரும்பு நாக்கு மேலே வந்து, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரை ஒன்பதில் ஒரு பங்கு திருப்பும். அது நம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். கூலிக்காரனும் வாங்கட்டும் என்று செய்தது. பத்திரப்படுத்த வேண்டும் என்று யாரும் நினைக்காதது. ஆனாலும் அறுபது வருடமாக ஓடுகிறது. என் மனம் அதனிடம் போனது அதற்காகத்தான்.

ஆக்லாந்தின் மேற்கு ஓரத்தில் மாசி என்ற பகுதியைத் தாண்டிப் போனால் எங்கள் பிஸ்டல் கிளப். கூட வேலை பார்க்கும் ஃபிஜி இந்தியர் ஒருவர்தான் முதலில் அழைத்துப் போனார். அங்கே விலை உயர்ந்த துப்பாக்கி வைத்திருப்பவர்கள், எங்கே கீறல் விழுமோ என்று துணி விரித்துத்தான் கீழே வைப்பார்கள். நான் என் பெட்டியைத் திறந்தால் அவர்களே எழுந்து வருவார்கள். ஒருவர் தன் அப்பா இப்படி ஒன்றை மீன் தூண்டில் பெட்டியில் போட்டு வைத்திருந்தார் என்பார். இன்னொருவர் ஒரு முறை சுட்டுப் பார்க்கட்டுமா என்று சின்னப் பிள்ளை போலக் கேட்பார். எனக்குப் பெருமை தாங்காது. இந்த ஊரில் வேறு எந்த இடத்திலும் நான் கொண்டுபோன பொருளைப் பார்க்க நாலு பேர் கூடியதில்லை.

கைத்துப்பாக்கிக்கு நியூசிலாந்தில் உரிமம் லேசில் கிடைக்காது. கிளப்பில் மாதக்கணக்கில் உறுப்பினராக இருக்க வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டகம் தரையோடு முடுக்கியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் தனியாகப் பேசுவார். பிளாட் புஷ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கணவன் வெளியே போக வேண்டும் என்றார். நான் போய் வாசல் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். அன்று காலையில்தான் மழை பெய்திருந்தது.

என் மனைவி யாழ்ப்பாணம். நான் மதுரை. இங்கே வந்த பிறகு சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதிகாரி போனதும், "என்ன கேட்டாங்க?" என்றேன்.

"உங்களைப் பற்றித்தான் கேட்டவ. நல்லாத்தான் சொன்னனான்" என்றாள்.

எனக்கு அந்தச் சந்தோஷத்தில் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து வருடத்துக்கு உரிமம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அதைத் துடைப்பேன். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும். ரொட்டி வாங்கி வருவாள். வீட்டில் ஏற்கெனவே ரொட்டி இருக்கும். சரி, கணக்கில்லாமல் வாங்குகிறாள் என்று ஒரு முறை கேலியும் செய்தேன். அதை நினைத்தால் இப்போது என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருடம் ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் சாமிப் படங்களுக்கு முன்னால் லேப்டாப், மகளின் வயலின், என் ஸ்குரூடிரைவர் செட், பிரஷர் குக்கர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். கற்பூரப் புகைக்கு அலறாமல் இருக்க, கூரையில் இருக்கும் அலாரத்துக்கு மனைவி ஷவர் கேப் மாட்டிவிடுவாள். அந்த வருடம் எனக்கு ஒரு குறும்பு. எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷனில்கூட அன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பார்கள். உண்மையான ஆயுதம் ஒன்று வீட்டில் இருக்கும்போது, ஆயுத பூஜைக்குக் குக்கரை மட்டும் வைப்பது என்ன நியாயம்? காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நான் அதே அறையில்தானே இருக்கப் போகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் நெற்றி என்று எனக்குத் தோன்றிய இடத்தில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன்.

மனைவி சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். த்ரீ கிங்ஸ் பகுதியிலிருந்து என் நண்பன் குடும்பத்தோடு வந்தான். ஐ.டி. வேலை, நல்ல மனுஷன், வாய் கொஞ்சம் நீளம். படையலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"டேய், நிஜமாவே வச்சிருக்கியா? ஒரு போட்டோ எடுடா" என்றபடியே அதைக் கையில் எடுத்துவிட்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். சமையலறையிலிருந்து சுண்டல் தட்டோடு வந்த என் மனைவிக்கு நேராக அது நின்றது. விசையை இழுத்தான். டக் என்று ஒரு சத்தம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதுதான் விஷயம்.

"காலியா இழுக்காதடா, விளிம்பு அடிபட்டுரும்" என்று கத்தினேன்.

உள்ளே தோட்டா இல்லாமல் இழுத்தால் இந்த வகைத் துப்பாக்கியில் சுத்தி நேராகச் சிலிண்டரின் விளிம்பில் விழுந்து பள்ளமாக்கும். அறுபது வருடம் தாங்கியது என் கையில் கெடக் கூடாதே என்ற பதைப்பு எனக்கு. நண்பன் சாரி, சாரி என்று கீழே வைத்தான். மனைவி தட்டை நேராகப் பிடித்தபடி நின்றாள். ஒரு கடலைகூடச் சிந்தவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு. "வாங்கோ, இருங்கோ" என்று எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

அவர்கள் போனதும், "அதை எடுத்து வையுங்கோ" என்றாள். அவ்வளவுதான். நான் பிரஷ்ஷால் குங்குமத்தைத் தட்டினேன். பிறகு டார்ச் அடித்து ஒன்பது துளைகளின் விளிம்பையும் பார்த்தேன், எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று. மகள் வந்து நின்றாள். பத்து வயது, எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அம்மா காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள், எங்கேயும் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றாள்.

கராஜுக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. அவள் ஓட்டுநர் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"சும்மா இருக்கிறன். நீங்கள் போங்கோ" என்றாள்.

நானும் போய்விட்டேன். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பன் மேல் கோபமாக இருக்கிறாள், ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இந்த வருடம் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மறுபடியும் அதிகாரி வருவார், மறுபடியும் அவளிடம் பேசுவார். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"இந்த வாட்டி என்ன சொல்லப் போற?"

"போன முறை மாதிரித்தான்."

"போன வாட்டி என்ன சொன்ன?"

"உங்களுக்குக் கோவம் வந்தால் எனக்குப் பயமோ எண்டு கேட்டவ. இல்லை எண்டனான். அது உண்மை. வீட்டில அந்தச் சாமான் இருக்கிறது சரியோ எண்டும் கேட்டவ. ஓம் எண்டனான்."

"அது உண்மையா?"

அவள் ஒரு துவாலையை நாலாக மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு, மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் பதினொரு வயது. ஒராள் எங்கட வீட்டுக்குப் பின்னேரத்தில வாறவர். சத்தம் போட்டுக் கதைக்கவே மாட்டார். அம்மாவை அம்மா எண்டுதான் கூப்பிடுவார். இருக்கேக்க இடுப்பில குத்துதெண்டு, சின்னப் பிஸ்டலை எடுத்து மேசையில வைப்பார். பிறகு தேத்தண்ணி குடிப்பார். அண்ணாவைப் பற்றிக் கேப்பார். அப்பா மழையைப் பற்றிக் கதைப்பார். மூண்டாம் முறை வரேக்க, என்னைக் கண்டால் உங்களுக்குப் பயமோ எண்டு எங்களைக் கேட்டார். இல்லை எண்டு சொன்னனாங்கள். எல்லாரும் சிரிச்சனாங்கள். அண்ணாவும் சிரிச்சவர். அண்டைக்கு அண்ணா அவரோட போனவர். பிறகு வரேல்லை."

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்து இல்லாமல் போனது எனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. வந்தவன் எந்தப் பக்கத்து ஆள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லையே" என்றாள். கடைசித் துவாலையையும் மடித்து அடுக்கிவிட்டு, "அந்தப் பெட்டியைத் திறக்கேக்க உங்கட முகத்தைப் பாக்கிறனான். வேற ஒண்டுக்கும் நீங்கள் அப்பிடிச் சந்தோசப்படுறேல்லை" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, மறைப்பானேன், அவள் மேல் கோபமும் வந்தது. இனி அதை நான் எப்படி வைத்துக்கொள்வது? இரண்டு வாரம் எனக்குள்ளேயே வழக்காடினேன். கிளப் ஆள் ஒருவரின் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போய்ப் போய்ச் சுடலாம் என்று யோசித்தேன். அவள் இல்லாத நேரம் மட்டும் திறக்கலாம் என்று யோசித்தேன். ஒரு பழைய மலிவுச் சாமானை விட்டுவிடுவது இத்தனை கஷ்டமா என்று எனக்கே ஆச்சரியம். அது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அந்தச் சிலிண்டர் திரும்பும் சத்தத்தை நினைத்தால் கை பரபரக்கிறது. கடைசியில் ஃபிஜிக்காரரிடம் பேசினேன். முறைப்படி அனுமதி வாங்கி எடுத்துக்கொள்கிறேன் என்றார். மனைவியிடம் சொல்லவில்லை. அதிகாரி வந்ததும் அவள் எதிரில் சொல்லி அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

இந்த முறை வந்தவர் ஓர் இளைஞர். பணிவான ஆள், வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்கும்படியே, கைத்துப்பாக்கிக்கு இனி உரிமம் வேண்டாம், இன்னாருக்கு மாற்றிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். நல்லது, அதில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறேன் என்றார். பெட்டகத்திலிருந்து எடுத்து வந்து, பெட்டியைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் வைத்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டார். எதற்காக விடுகிறீர்கள் என்று கேட்டார்.

"என் மனைவிக்குப் பயம். முன்னாடியே நான் கேட்டிருக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது அவள் தேநீரோடு வந்தாள். மேசையில் வேறு இடம் இல்லாததால் கோப்பையை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். இளைஞர் அவளை நிமிர்ந்து பார்த்து, நல்ல எண்ணத்தோடு, குரலைத் தாழ்த்தி, இதைக் கண்டால் உங்களுக்குப் பயமா என்று கேட்டார்.

"இல்லையே" என்று சிரித்தாள். "இவர் சும்மா சொல்கிறார். எனக்கு ஒரு பயமும் இல்லை" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் எதை எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து பெட்டியை மூடினேன். மூடிய பிறகும் அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.